வாசகர் கேள்வி பதில்: மாரி வரமுன் கேட்டவை

நம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மண், நீர், கடல் பற்றிக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்று சென்ற இதழில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். வந்ததில் பாதிக்கு மேல் கிணற்றைப் பற்றியவை. சில கேள்விகள் கேள்வியே இல்லை, ஏச்சு. அவற்றுக்கும் பதில் உண்டு. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன், ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

பக்கத்துக் காணியில் புதுவீடு எழும்புகிறது. எங்கள் கிணற்றில் இருந்து இருபது அடிகூட வராது, அங்கே மலசலகூடக் குழி வெட்டுகிறார்கள். கேட்டால், "உங்கட தண்ணி கண்ணாடி மாதிரித்தானே இருக்கு, கொதிக்க வைச்சுக் குடியுங்கோ" என்கிறார்கள். பேசாமல் இருப்பதா, சண்டை பிடிப்பதா?
– ஒரு அம்மா, கோண்டாவில்

சண்டை பிடியுங்கள் அக்கா. ஆனால் குழியை மூடமுன் பிடியுங்கள், மூடின பிறகு கதைத்துப் பயனில்லை. பிரதேச சபைக்கும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது வாயோடு போய்விடும்.

கோண்டாவில், திருநெல்வேலி, கொக்குவில் பக்கமெல்லாம் கொஞ்சம் மண்ணைக் கிண்டினால் சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டும்போது மேலே வரும் கல்லில் ஒன்றை எடுத்துப் பாருங்கள், ஓட்டை ஓட்டையாக இருக்கும், சிலவேளை பழைய சிப்பியின் அச்சுக்கூடத் தெரியும். ஒரு காலத்தில் அது கடலடி. பிறகு மழைத்தண்ணீர் கரைத்துக் கரைத்து அதற்குள் வெடிப்பும் பொந்தும் உண்டாக்கியிருக்கிறது. மணல் நிலம் என்றால் அழுக்குத் தண்ணீர் மெல்ல வடிந்து போகும் வழியிலேயே ஓரளவு சுத்தமாகும். இந்தக் கல்லில் அதற்கு நேரமில்லை, வெடிப்பால் நேரே இறங்கிவிடும். அதனால்தான் இத்தனை அடி தள்ளினால் போதும் என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை. ஐம்பது அடி என்று பொதுவாகச் சொல்வார்கள், நூறு அடி இன்னும் நல்லது, ஆனால் இரண்டு பரப்புக் காணியில் நூறு அடிக்கு எங்கே போவது?

நம்மூரில் ஒரு பெருமை உண்டு, கேட்டிருப்பீர்கள்: "எங்கட குழி முப்பது வருஷமாய் நிறையவே இல்லை." நிறையவில்லை என்றால் எங்கே போனது என்று அவர்களிடம் கேட்க வேண்டும். அடி கட்டாத குழி அது, உள்ளே போனதெல்லாம் நிலத்தடி நீருக்குப் போய்விட்டது, அந்த நீரைத்தான் இரண்டு வீடு தள்ளி ஒருவர் வாளியால் அள்ளிக்கொண்டிருக்கிறார்.

இனி இந்தக் கொதிக்க வைக்கிற விஷயம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உண்மைதான். ஆனால் மலக்குழியில் இருந்தும் தோட்டத்துப் பசளையில் இருந்தும் வரும் நைத்திரேற்று என்பது உப்பு மாதிரிக் கரைந்து கிடப்பது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, உருசியில்லை. கொதிக்க வைக்க வைக்கத் தண்ணீர்தான் ஆவியாகும், நைத்திரேற்று அப்படியே கிடந்து இன்னும் செறிவாகும். குடிதண்ணீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உங்கள் வலிகாமப் பகுதிக் கிணறுகளில் அதைத் தாண்டியவை இருப்பதை 1980களில் இருந்தே ஆய்வாளர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெரியவர்களை விடப் பிஞ்சுக் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம், முக்கியமாக ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் குழந்தைக்கு. இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போய் உடம்பு நீலம் பாரிக்கும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பயம் இல்லை. வீட்டில் வைத்திருக்கும் சாதாரண கரி வடிகட்டியும் நைத்திரேற்றைப் பிடிக்காது, அதையும் சொல்லிவைக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: அடியும் பக்கமும் சீமெந்து பூசிய தாங்கியாகக் கட்டட்டும், நிறைந்தால் பவுசர் பிடித்து அள்ளட்டும். தாங்கியின் மிச்சத் தண்ணீரை ஆழக் குழிக்குள் விடாமல், மேல்மண்ணில் வாழையோ மணிவாழையோ நட்டு அதற்குப் பாய்ச்சினால் செடி நைத்திரேற்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். செலவு கூடத்தான். வீடு கட்டும் செலவில் ஓட்டுக்கும் வாசல் கதவுக்கும் போகிற காசைப் பார்த்தால் இது ஒரு காசா? அவர்களுக்கும் ஒரு கிணறு இருக்கும்தானே, அதையும் நினைவூட்டுங்கள். உங்கள் வீட்டுக் குழி எப்படி என்பதையும் ஒருக்கால் பார்த்துவிட்டுப் போவது நல்லது, இல்லையென்றால் முதல் கேள்வி அதுவாகத்தான் வரும்.

நிலாவரைக் கிணற்றுக்கு அடி இல்லை, அதற்குள் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்தது என்று அம்மம்மா சொல்கிறா. சேர் சிரிக்கிறார். யார் சரி?
– உயர்தர மாணவன், நெல்லியடி

அடி இருக்கிறது தம்பி, அம்மம்மா அதில் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டா. ஆனால் தேசிக்காய்க் கதையை வைத்துச் சிரிக்க வேண்டாம் என்று சேரிடம் சொல்லுங்கள். கிணறுகளுக்கு அடியால் தொடர்பு இருக்கிறது என்பதை இந்த ஊர் எப்போதோ விளங்கிக்கொண்டுவிட்டது, அதைத்தான் தேசிக்காயில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப் போக உவர். இது அந்தக் கிணற்றுக்கு மட்டும் உள்ள அதிசயம் இல்லை, குடாநாட்டுக்கு அடியில் முழுக்கவே கதை இதுதான். சுற்றிவரக் கடல், கடல்நீர் கல்லுக்குள்ளாலும் வந்து நிற்கிறது. மழைநீர் அதைவிடப் பாரம் குறைவு, ஆகவே மேலே மிதக்கிறது. கணக்கு ஒன்று இருக்கிறது, பரீட்சைக்கும் உதவும்: கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்க நல்லாயிருக்கிறது. திருப்பிப் போட்டுப் பாருங்கள். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், கீழே இருந்து உவர் நாற்பது அடி ஏறி வரப் பார்க்கும். உடனே வராது. வந்துவிட்டால் உடனே போகவும் போகாது.

அப்புறம், சேரோடு சேர்ந்து ஒருக்கால் காங்கேசன்துறைப் பக்கம் போய்ப் பாருங்கள். 1950இல் தொடங்கின சீமெந்துத் தொழிற்சாலை 1990 வரை ஓடியது. அதற்காகச் சுண்ணாம்புக்கல் எடுத்த குழிகள் அப்படியே கிடக்கின்றன. ஆழமாகத் தோண்டிய இடத்தில் உவர்த் தண்ணீர் நிற்கிறது. மேலே மிதக்கும் நன்னீருக்குப் பாத்திரமாய் இருந்ததே அந்தக் கல்தான், அதை உடைத்துச் சீமெந்தாக்கி இலங்கை முழுக்க வீடு கட்டியிருக்கிறோம்.

ஊரில் அப்பாவின் காணியில் வீடு கட்டுகிறேன். பழைய கிணறு சின்னது, அதை மூடிவிட்டு ஆழமாக ஒரு குழாய்க்கிணறு அடிக்கச் சொல்கிறார் கொந்தராத்துக்காரர். முற்றம் முழுக்கச் சீமெந்துக் கல் பதித்தால் புல்லுப் பிடுங்கும் வேலை இல்லை என்கிறார். எத்தனை அடி அடிக்கலாம்?
– ரொறன்ரோ வாசகர், சொந்த ஊர் அளவெட்டி

அண்ணை, இரண்டுமே வேண்டாம்.

மேலே மாணவனுக்குச் சொன்ன பதிலை வாசியுங்கள். கனடாவில் ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கலாம், இங்கே ஆழமாகப் போனால் உவரைத்தான் கூப்பிடுகிறீர்கள். உங்கள் அப்பாவின் கிணறு ஆழம் குறைவாக, வாய் அகலமாக இருப்பது ஆள்பலம் இல்லாததால் அல்ல. மேலே மிதக்கும் நல்ல தண்ணீரை மெல்ல எடுக்கத்தான் அப்படி வெட்டினார்கள். துலாவால் இறைத்த காலத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று மனித உடம்பே ஒரு எல்லை வைத்திருந்தது, 1950களுக்குப் பிறகு மெசின் வந்து அந்த எல்லையை எடுத்துவிட்டது. குழாய்க்கிணற்றில் பலமான மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால், குழாய்க்கு நேர்கீழே உவர் கூம்பு மாதிரி மேலெழும்பும். முதல் கோடையில் தெரியாது. நாலாம் கோடையில் தேத்தண்ணி சவர்க்கும், அப்போது கொந்தராத்துக்காரர் தொலைபேசி எடுக்கமாட்டார். உங்களுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, பக்கத்துக் கிணறுகளும் சேர்ந்து கெடும்.

முற்றத்துக்கு வருவோம். வருஷத்துக்கு நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். ஆறு கிடையாது, அளவெட்டிப் பக்கத்தால் அராலிக்கு ஓடும் வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஆறு. மலை இல்லை, அணை இல்லை. அந்த மூன்று மாதத்தில் மண்ணுக்குள் இறங்கினது எவ்வளவோ அதுதான் மிச்ச வருஷத்துக்கும் சாப்பாடு. முற்றத்தைக் கல்லால் மூடினால் உங்கள் மழை வீதிக்கு ஓடும், வீதியில் இருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலில் இருந்து கடலுக்கு. பிறகு பங்குனியில் பவுசரில் தண்ணீர் வாங்குவீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் சதுர அடிக் கூரை என்றால் நம் மழைக்கு வருஷத்தில் ஒரு இலட்சத்துப் பதினையாயிரம் லீற்றர் அளவில் அதன்மேல் விழுகிறது. தெறிப்பு, ஆவி, முதல் மழை அழுக்கு என்று கழித்தாலும் தொண்ணூறாயிரம் மிஞ்சும். பீலி போட்டு ஒரு தாங்கிக்கு எடுங்கள், நிறைந்து வழிவதை மண்குழிக்குள் விடுங்கள், ஆனால் முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டபிறகு. குப்பையும் எண்ணெயும் கலந்த தண்ணீரை நேரே கிணற்றுக்குள் இறக்கும் வேலையை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பழைய கிணற்றை மூடாமல் இறைத்துத் துப்புரவாக்கி, கட்டை உயர்த்திக் கட்டி, மேலே வலை போடுங்கள். மதிலுக்குப் பதிலாக ஒரு பக்கமாவது கிளுவைக் கதியால் நட்டால் மாரித் தண்ணீர் காணிக்காணியாக நின்று போகும். புல்லுப் பிடுங்கும் பிரச்சினைக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆளைப் பிடிக்க வேண்டியதுதான்.

உங்களைப் போன்றவர்கள் யூரியாவைக் குறை குறை என்று எழுதுகிறீர்கள். 2021இல் குறைத்தோமே, வெங்காயம் என்ன ஆனது தெரியுமா? தோட்டத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு எழுதவும்.
– விவசாயி, புத்தூர்

கோபம் நியாயம் ஐயா. 2021இல் செய்தது குறைத்தல் அல்ல. மேமாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள், கார்த்திகையில் கைவிட்டார்கள், இடையில் விவசாயி கெட்டுப்போனார். மாற்று எதையும் கையில் தராமல் இருப்பதைப் பறிப்பதற்குப் பெயர் இயற்கை விவசாயம் இல்லை. அதை ஆதரித்து இந்தப் பகுதியில் ஒரு வரிகூட வரவில்லை.

ஆனால் தோட்டத்தில் இறங்கினால் நான் என்ன பார்க்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். வெங்காயப் பாத்தியில் விடிய யூரியாவைக் கையால் விசிறுகிறோம், அளவு கைக்கணக்கு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டதைவிட ஒரு பிடி கூட. கையோடு மெசினைத் தட்டிப் பாத்தி நிறையத் தண்ணீரைக் கட்டுகிறோம். செம்பாட்டு மண் தண்ணீரை வைத்திருக்காது, குடித்துவிடும். வெங்காயத்தின் வேர் சில அங்குலத்துக்குள் நிற்கிறது. யூரியா தண்ணீரில் சட்டென்று கரைவது, மண்ணில் ஒட்டி நிற்பதில்லை. ஆகவே பயிர் கையை நீட்டமுன் பாதி அதைத் தாண்டிக் கீழே போய்விடுகிறது. மிஞ்சியது மண்ணில் நைத்திரேற்றாக மாறி, அடுத்த இறைப்பிலோ அடுத்த மழையிலோ அதுவும் இறங்கும். போய்ச் சேரும் இடம், நீங்கள் இறைத்த அதே கிணறு. காசு கொடுத்து வாங்கிய பசளையைத்தான் கிணற்றுக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது என் வாதம், வெங்காயத்துக்கு யூரியா கூடாது என்பதல்ல.

ஆகவே நிறுத்தச் சொல்லவில்லை, பிரித்துப் போடச் சொல்கிறேன். இரண்டு தரத்தில் போடுவதை நாலு தரமாக, கொஞ்சம் கொஞ்சமாக. போட்ட அன்று மண் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர், வெள்ளம் கட்ட வேண்டாம். தூவல் முறை வைத்திருக்கிறவர்களுக்கு இது சுகம், தண்ணீரும் மிச்சம், மண்ணெண்ணெயும் மிச்சம். மண்ணைப் பரிசோதிக்காமல் பசளை வாங்குவதுதான் பெரிய வீண்செலவு. விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் எப்படி மண் எடுப்பது, எங்கே கொடுப்பது என்று சொல்வார். மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் யூரியா மூட்டையை அவிழ்க்கவே வேண்டாம்.

குழை தாழ்ப்பது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பூவரசங் குழையும் மாட்டெருவும் தாழ்த்த மண் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், யூரியாவையும் பிடித்து வைத்திருக்கும், அதனால் குறைந்த பசளை போதும். பிரச்சினை, குழை எங்கே? வேலியெல்லாம் மதிலாகிவிட்டது. வேலிப் பூவரசை வெட்டித் தள்ளிவிட்டு, பசளை விலை கூடிவிட்டது என்று அழுகிறோம்.

இன்னும் ஒன்று, கேட்டால் இன்னும் கோபம் வரும். மருந்தடிக்கும் கானைக் கிணற்றுக்கட்டில் வைத்துக் கழுவுவதும், வெறும் மருந்துப் போத்தலைக் கிணற்றடி வாழைக்குள் எறிவதும். அதற்கு எந்த அரசாங்கத்தையும் குறைசொல்ல முடியாது.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விஷயம் முடிந்துவிட்டதா? யாரும் இப்போது கதைப்பதில்லையே.
– வாசகர், மல்லாகம்

வழக்கு முடிந்தது. அனல் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்ததாக 2015இல் போடப்பட்ட அடிப்படை உரிமை மனுவில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மாசுபடுத்தியவர்தான் பணம் கட்ட வேண்டும், பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா கொடுக்க வேண்டும் என்று. ஒழுங்குபடுத்த வேண்டிய அரச நிறுவனங்கள் கடமையில் தவறியதையும் தீர்ப்புச் சுட்டிக்காட்டியது. இந்த நாட்டின் சூழல் வழக்குகளில் முக்கியமான ஒன்று அது, சட்டம் படிக்கும் பிள்ளைகள் தேடி வாசிக்கலாம்.

எண்ணெய் போனதா என்று கேட்டால், தீர்ப்பு எண்ணெயை உறிஞ்சாது. வெடிப்புக் கல்லுக்குள் போன எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும் தன்மையுள்ளது. சந்தேகம் இருந்தால், மணம் வந்தால், தண்ணீரின் மேலே வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் பரிசோதனைக்குக் கொடுங்கள், நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் விசாரிக்கலாம். எண்ணெயையும் கிரீசையும் தனியாகக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வழமையான பட்டியலில் அது இருக்காமலும் போகலாம். கராஜ் வைத்திருக்கும் தம்பிமார் இதை வாசித்தால்: பழைய எஞ்சின் ஒயிலை மண்ணில் ஊற்றுவதும் அதே வேலைதான், அளவுதான் சின்னது.

இந்திய றோலர் (இழுவைப் படகு) வந்து கடலை அள்ளுகிறது. போதாதென்று இங்கே கண்ட இடமெல்லாம் கடலட்டைப் பண்ணை. அட்டை கடலைத் துப்புரவாக்கும், நல்லது என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். கம்பு நட்டு வலை கட்டி மீன் பிடிக்கும் எங்கள் களங்கண்டிக்கு இடமில்லை. எது உண்மை?
– கடற்றொழிலாளி, பாஷையூர்

இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

றோலரைப் பற்றி இரண்டு கருத்து இருக்க வழியே இல்லை. பாக்குநீரிணை ஆழமில்லாத கடல். அதில் பலகையும் பாரமும் கட்டிய மடியை அடியோடு இழுத்துக்கொண்டு போனால் மீன் மட்டுமா வரும்? சாதாளை என்கிற கடற்புல் வேரோடு வரும், குஞ்சு வரும், சங்கு வரும், சேறு கலங்கிச் சூரிய வெளிச்சம் கீழே போகாமல் மிச்சச் சாதாளையும் சாகும். இறால் வந்து ஒதுங்குவதும், ஒட்டி, ஓரா மேய்வதும் அந்தச் சாதாளைப் படுக்கையில்தான். தமிழ்நாட்டில் 1960களில் அரசாங்கமே ஊக்கம் கொடுத்து இந்தத் தொழிலை வளர்த்தது, தன் பக்கத்துக் கடல் வறண்டதும் படகுகள் இந்தப் பக்கம் வந்தன. போர்க்காலத்தில் நம்மாட்கள் கடலுக்குப் போக முடியாமல் இருந்தபோது அவர்களுக்கு வழி திறந்து கிடந்தது. இலங்கையில் 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தோடு இழுவைமடி முற்றாகத் தடை. ஆனால் அது எல்லை தாண்டி வருபவருக்கு மட்டுமான சட்டம் இல்லை, அண்ணை. நம் கரைகளிலும் றோலர் வைத்திருந்தவர்கள் யார் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கடலட்டை வேறு கதை. அட்டை மணலை விழுங்கி அதில் உள்ள அழுகலைத் தின்றுவிட்டு மணலை வெளியே விடும், ஆகவே அது அடித்தளத்தைத் துப்புரவாக்கும் பிராணி என்பதில் பொய்யில்லை. தனக்கு வெளியில் இருந்து தீனியும் வேண்டாம், இறால் பண்ணை மாதிரி அழுக்குத் தண்ணீரும் விடாது. சிக்கல் அட்டையில் இல்லை, வேலியில். ஆழமில்லாத களப்பில் கம்பு நட்டு வலை கட்டி ஏக்கர் ஏக்கராக அடைக்கும்போது நீரோட்டம் தடைப்படும், குஞ்சு மீன் போய்வரும் வழி அடைபடும், வலையில் பாசி பிடித்துச் சேறு தங்கும். மனிதருக்கும் அதே கதி: களங்கண்டிக்காரர், சிறகுவலைக்காரர், வத்துக்காலத்தில் நடந்து போய் மட்டி பொறுக்கும் பெண்கள் எல்லோருக்கும் பொதுவாய் இருந்த கடல், பத்திரம் உள்ளவரின் கடலாகிவிடுகிறது. அட்டை வெளிநாட்டுக்குப் போகிறது, நாங்கள் தின்பதில்லை. களங்கண்டி மீன் யாழ்ப்பாணச் சந்தைக்கு வருகிறது.

அதிகாரிகளிடம் அட்டை நல்லதா கூடாதா என்று கேட்டால் நல்லது என்றுதான் சொல்வார்கள். கேள்வியை மாற்றுங்கள். இந்தக் களப்பில் எத்தனை ஏக்கர் வரை தாங்கும் என்று அளந்தீர்களா, நீரோட்டம் பார்த்தீர்களா, எங்கள் சங்கத்தின் சம்மதம் எந்தத் திகதியில் எடுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் இருந்து இருக்கிறது, கேட்டால் பதில் தரத்தான் வேண்டும்.

மணற்காட்டில் மணல் எடுக்கக்கூடாது என்றால் வீட்டை எதால் கட்டுவது? மணலாய்த்தானே கிடக்கிறது?
– மேசன், பருத்தித்துறை

சும்மா கிடக்கவில்லை. மணற்காட்டுக் கும்பிகள், அதாவது மணல்மேடுகள், மழையைக் குடித்து வைத்திருப்பவை. அந்தப் பக்கத்தில் சின்னதாய்த் தோண்டினாலும் நல்ல தண்ணீர் வருவது அதனால்தான். கும்பியைக் கரைத்தால் தண்ணீருக்கு இருந்த பாரம் போகும், கடல் உள்ளே நடந்து வரும். காற்றும் மணலும் அங்கே விளையாடும் விளையாட்டை, புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் கோவிலைப் பார்த்தாலே விளங்கும். சுனாமி வந்துபோன கரையில், கடலுக்கும் ஊருக்கும் நடுவில் நிற்கும் ஒரே மேட்டை ட்ரக்டரில் ஏற்றி விற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

வீட்டுக்கு என்ன செய்வது? அனுமதிப்பத்திரத்தோடு வரும் மணலை வாங்குங்கள், விலை கூட. சுவர் பூச்சுக்கும் அத்திவாரத்துக்கும் கருங்கல் உடைத்து எடுக்கும் தூளைக் கலந்து வேலை செய்யும் மேசன்மார் இருக்கிறார்கள், நீங்களும் அறிந்திருப்பீர்கள். இடித்த வீட்டுக் கல்லை அத்திவாரத்துக்குப் போடலாம், நம்மூரில் அதற்குக் குறைவே இல்லை. எல்லாவற்றையும் விட, இரண்டு பேர் இருக்கப்போகும் வீட்டுக்கு ஆறு அறை எதற்கு என்று வீட்டுக்காரரிடம் கேட்கலாம். கேட்கமாட்டீர்கள், உங்கள் கூலி போய்விடும். நான் கேட்கிறேன்.

சொப்பின் பையை எரித்தால் குப்பை இல்லை, எரிக்காவிட்டால் மாநகர சபை எடுப்பதில்லை. எது பரவாயில்லை?
– இல்லத்தரசி, நல்லூர்

எரிப்பது மோசம். பிளாஸ்ரிக் புகை உங்கள் வீட்டுப் பிள்ளையின் சுவாசத்துக்குள்தான் முதலில் போகிறது. கழுவிக் காயவைத்து ஒரு உரப்பையில் சேர்த்து வையுங்கள், பழைய சாமான் எடுக்கிறவர் வாங்காவிட்டாலும் அது ஒரு மாதத்துக்கு ஒரு பைக்குள் அடங்கும். சமையல் குப்பைக்குக் காணிக்குள் ஒரு கிடங்கு. சோறு சுற்றும் பிளாஸ்ரிக் தாளான லஞ்ச் சீட் 2017இல் இருந்து தடை, ஆனாலும் கடைகளில் மெல்லிய பொலித்தீனில்தான் சோறு கட்டுகிறார்கள், சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுபோனால் அவர்கள் மறுக்கப்போவதில்லை. ஒரு பனையோலை உமலைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு சந்தைக்குப் போவது அப்படி என்ன பெரிய வெட்கம்?

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கிக் குழாயில் தருகிறார்கள். இனிக் கிணற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்க வேண்டுமா?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், சாவகச்சேரி

நல்ல கேள்வி, கடைசிக்கு வைத்திருந்தேன்.

தாளையடி நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்தது. ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர் தண்ணீர் எடுக்கக் கூடியது. முதலில் கிளிநொச்சியில் உள்ள இரணைமடுக் குளத்தில் இருந்து கொண்டுவரத்தான் திட்டம் போட்டார்கள், கிளிநொச்சி விவசாயிகள் எங்கள் வயலுக்கே போதாது என்று எதிர்த்தார்கள், அவர்கள் எதிர்த்ததில் பிழை காண முடியாது. அதனால் கடலுக்குப் போனோம். கிணறு முழுக்கக் கெட்டுப்போன ஊர்களுக்கும் தீவுப்பகுதிக்கும் குழாய்த் தண்ணீர் வேண்டும், அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அது சும்மா வரும் தண்ணீர் இல்லை. ஒரு கனமீற்றருக்கு மூன்று நாலு அலகு மின்சாரம் தேவைப்படும் தொழில்நுட்பம் அது. எடுத்த தண்ணீர் போக மிச்சம், கடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பாகத் திரும்பவும் கடலுக்குத்தான் போகிறது. அதை எங்கே, எப்படிக் கலக்க விடுகிறார்கள் என்பதை வடமராட்சி கிழக்கு மீனவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் தண்ணீரும் நிற்கும், 2022இல் மணிக்கணக்கில் இருட்டில் இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அந்தத் தண்ணீரில் தோட்டமும் செய்ய முடியாது, கட்டுப்படியாகாது. குழாய் வந்துவிட்டது என்று கிணற்றடியில் குப்பை கொட்டத் தொடங்கினால் அது அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்.

உங்கள் சாவகச்சேரிப் பக்கமே ஆனையிறவுக் களப்பு இருக்கிறது. அதை நன்னீராக்கி வடமராட்சிக் களப்புக்கும் உப்பாற்றுக் களப்புக்கும் கொண்டுவரலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் திட்டம் வரைந்தார். தொண்டைமானாற்றுத் தடுப்பணையும் அரியாலைத் தடுப்பணையும் அந்தக் காலத்து வேலை. திட்டம் முழுதாக முடியவில்லை, கதவுகள் பழுதாகிப் பல காலம் உப்பு உள்ளே வந்து போனது, பிறகு திருத்தினார்கள். அது பக்கத்தில் இருக்கட்டும், பெரிய ஆட்கள் பார்க்க வேண்டியது. குடாநாட்டில் குளமும் கேணியுமாக ஆயிரத்துக்கு மேல் என்று சொல்வார்கள், அதில் உங்கள் வீதிக்குப் பக்கத்தில் ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் வரத்து வாய்க்காலில் யார் மதில் கட்டியிருக்கிறார்கள், அது குளமாக இருக்கிறதா வயலாக இருக்கிறதா விளையாட்டு மைதானமாக இருக்கிறதா என்று ஐப்பசிக்கு முதல் ஒருக்கால் நடந்து போய்ப் பாருங்கள். எழுதுவினைஞராய் இருந்தவர், முறைப்பாடு எப்படி எழுத வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிரதி ஒன்று எங்களுக்கும் அனுப்புங்கள், போடுகிறோம்.